வருஷம் திரும்பாத வீடு

என் மகளுக்கு நாள் குறிக்க வந்தவர்கள் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்டலத்துக்காரர்கள். பையன் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். நல்ல பையன், முகத்தைப் பார்த்துப் பேசுவான். அவனுடைய அம்மா முன்னாலேயே நாள் பார்த்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"ஆவணியில வெச்சிக்கலாம்ண்ணே. புரட்டாசி வந்துட்டா ஆவாது" என்றார் என் வீட்டுக்காரரைப் பார்த்து.

என் வீட்டுக்காரர் தட்டைத் தொடவில்லை. "ஆவணி வாணாம்மா. எனக்கு இன்னும் வருஷம் திரும்பல" என்றார்.

எங்கள் பக்கம், கருமாதி செய்த மகன் ஒரு வருஷம் முடிகிறவரைக்கும் நல்ல காரியத்தில் கைவைக்க மாட்டான். பண்டிகை கிடையாது, கோயில் கிடையாது, கல்யாணப் பந்தலுக்குள் போவதும் கிடையாது. அதனால் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. யாருண்ணே தவறிட்டாங்க?"

அவர் ஒரு சினிமா நடிகரின் பெயரைச் சொன்னார்.

அந்த அம்மா சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பதை ஒவ்வொருவராகக் கண்டுகொண்டோம். சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. ஒருவர் நிறுத்த, இன்னொருவர் நிறுத்த, கடைசியில் நான் நிறுத்தினேன்.

இது தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது. அந்த நடிகரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் எனக்கு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. ஒரு காலத்தில் கதாநாயகனாக இருந்து, அப்புறம் அப்பா வேஷத்துக்கு வந்து, அந்த வருஷம் மாசி மாதத்தில் இறந்துபோனார்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் எங்கள் தெருவில் நாலு பேர் கூடிப் பேச வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடாமல் பேச மாட்டார்கள். அப்படிப்பட்ட எனக்கு என் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் அந்த நடிகரின் ரசிகர் என்பது எனக்குத் தெரியாததா? கட்டிக்கொண்டு வந்த புதிதிலேயே தெரியும். இப்போது கார் கம்பெனியின் மதில் ஓடுகிற இடத்தில் அப்போது டெண்டுக் கொட்டகை இருந்தது. மற்றவர்கள் படத்துக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டே உள்ளே போவார். அந்த நடிகர் படம் என்றால் மட்டும் வாசலிலேயே கழற்றிவிடுவார். ஒரு தடவை செருப்பு காணாமல் போய், வெறுங்காலோடு வந்தார். "உள்ள போட்டுகினு போனா இன்னாவாம்?" என்று கேட்டேன். "அது நல்லாவா இருக்கும்?" என்றார். அவ்வளவுதான் பதில்.

நடிகர் இறந்த செய்தி ரேடியோவில் வந்தபோது ரசிகர் மன்றத்து ஆட்கள் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் கருமாதியும் வைத்தார்கள். பிண்டம் வைக்க மகன் ஸ்தானத்தில் ஒருவர் வேண்டும் அல்லவா? மன்றத்தில் எல்லோருக்கும் அப்பன் உயிரோடு இருந்தான். அப்பன் இருக்கிறவன் பிண்டம் வைக்கக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் அப்பா இல்லை. அதனால் இவர் உட்கார்ந்தார். இவர் கையால்தான் பிண்டம் வைத்து, ஏரியில் கரைத்துவிட்டு வந்தார்.

கூத்தடிக்கிறார்கள், முடிதானே, வளர்ந்துவிடும் என்று நான் விட்டுவிட்டேன். மற்றவர்களுக்கு வளர்ந்தும் விட்டது. அவர்கள் அடுத்த நடிகருக்கு மாலை போடப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சித்திரை முதல் நாளில் மாவிலை கட்டவில்லை. சோம்பல் என்று நினைத்தேன். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு வரவில்லை. டிராக்டர் ஓட்டப் போயிருக்கிறார் என்று நானே சமாதானம் சொன்னேன். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது கோயில் பக்கம் தலைகாட்டவில்லை. வெயில் என்றார். தாடியும் வளர்ந்தது. பிளேடு வாங்கிவர மறந்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு மனிதர் என் கண்ணெதிரில் துக்கம் காத்துக்கொண்டிருந்தார், நான் அதற்கெல்லாம் வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

தண்டலத்துக்காரர்கள் போகும்போது அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணி, நான் பெரிய மனுஷனைக் கொற சொல்லல. ஆவணியில முடியலன்னா எங்கள வேற ஒரு எடத்துல கேட்டுகினு கீறாங்க. நீங்களே பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். என் மகள் அடுப்பங்கரையில் பாத்திரத்தைத் தேய்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் ஏரிக்கரைவரை கேட்டிருக்கும்.

"யோவ், அந்தாளு இன்னா உன்னப் பெத்தாரா?"

"இல்ல."

"உன் பேராவது தெரியுமா அவருக்கு?"

"தெரியாது."

"அப்புறம் இன்னாய்யா தீட்டு?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "மே, எனக்கும் தெர்ல. ஆனா மகன்னு சொல்லிதானே பிண்டம் வெச்சேன்? வெச்சப்புறம் நான் இல்லன்னு எழுந்து வர முடியுமா?"

"நான் செத்தா இவ்ளோ செய்வியா?"

"நீ எங்க சாவப்போற" என்றார்.

மறுநாள் விடிந்ததும் நான் பெருமாள் கோயிலுக்குப் போனேன். அர்ச்சகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மணியைத் துடைத்துக்கொண்டே, "இரத்த சம்பந்தம் இல்லாம தீட்டு ஏதும்மா? நீ தாராளமா கல்யாணத்தை நடத்து" என்றார். வெற்றியோடு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

என் வீட்டுக்காரர் டிராக்டர் சக்கரத்து மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "ஏரிக்கரை வேப்பமரத்தடில நீ கும்புடுறியே அம்மன், அது மைல்கல்லுன்னு ரோடு போட வந்த ஓவர்சியர் சொன்னாரே. நீ வுட்டுட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஓவர்சியரை அன்றைக்கு விளக்குமாற்றோடு துரத்தியவள் நான்தான். அந்தக் கல்லுக்கு முதலில் மஞ்சள் பூசியது யார் என்று யாருக்கும் தெரியாது. நான் பூசுகிறேன், என் மாமியார் பூசினார். அம்மனிடம் நான் வெறுங்கையோடு நின்றதும் இல்லை, ஒன்றும் கேட்காமல் திரும்பியதும் இல்லை. மழை கேட்பேன், மாட்டுக்குச் சுகம் கேட்பேன், மகளுக்கு மாப்பிள்ளை கேட்டேன். என் வீட்டுக்காரர் அந்த நடிகரிடம் இதுவரை ஒன்றும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் எது பக்தி? நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. சினிமாவையும் சாமியையும் ஒரே தராசில் வைக்கிறேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்ட பிறகும் தெளியவில்லை.

கருமாதி செய்துவைத்தவரையே கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் வயதானவர், எங்கள் ஊர்ச் சாவுக்கெல்லாம் அவர்தான். அவர் சொன்னால் என் வீட்டுக்காரர் கேட்பார்.

"பெரியவரே, அது சும்மா விளையாட்டுக்குத்தானே பண்ணீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் விளையாட்டுக்கு மந்திரம் சொல்ற ஆளா? முப்பாட்டன் பேரெல்லாம் சொல்லிதான் பண்ணேன். உன் வூட்டுக்காரன் நனைஞ்ச துணியோட நின்னு அழுதான்மா. பெத்த அப்பனுக்கு அழாதவனையெல்லாம் நான் பாத்துகினு கீறேன்."

"அப்போ தீட்டு உண்டுன்றீங்களா?"

"உண்டுன்னும் சொல்லல. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல." கொஞ்சம் இறங்கிவந்தார். "ஒண்ணு பண்ணலாம். பொண்ணோட பெரியப்பன், பெரியம்மா மணையில உக்காந்து தாரை வாத்துக் குடுக்கட்டும். இவன் பந்தலுக்கு வெளிய நிக்கட்டும்."

"நான் உக்காரலாமா?"

"புருஷனுக்கு இருக்கறது பொண்டாட்டிக்கும்தான்."

"நான் அந்தாளு படத்த முழுசாகூடப் பாத்தது இல்ல! பாதில தூங்கிடுவேன்!"

"அதுக்கு நான் இன்னாம்மா பண்ண முடியும்?" என்றார்.

வழியெல்லாம் எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஒரே மகள். அவள் கையைப் பிடித்துக் கொடுக்க நான் உட்கார வேண்டிய மணையில், என் ஓர்ப்படி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்காருவாள். அவளுக்கும் எனக்கும் வரப்புத் தகராறில் பேச்சு நின்று ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்கு இரண்டே வழி இருந்தது. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அடித்துச் சொல்லி நான் மணையில் உட்காரலாம். அப்படிச் செய்தால் என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஊரிலேயே இருக்க மாட்டார், டிராக்டரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவார். அவர் குணம் எனக்குத் தெரியும். புருஷன் இல்லாமல் நான் மட்டும் தாரை வார்க்கவும் முடியாது. இல்லையென்றால் அவருடைய துக்கத்தை நானும் ஒப்புக்கொண்டு, மணையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மகளைக் கேட்டேன். "அப்பா எங்க வேணா நிக்கட்டும்மா. வராம மட்டும் இருந்துடக் கூடாது" என்றாள். என் மணையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்கு வலித்தது.

சாயங்காலம் ஓர்ப்படி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் முறத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, பொண்ணு கல்யாணத்துக்கு நீயும் மாமாவும் மணையில உக்காரணும்."

"ஏன், உனக்குக் கால்ல முள்ளு குத்திகிச்சா?"

"இல்லக்கா."

"ஊரே சிரிக்குது. உங்க வூட்டு சாமி போஸ்டர்லதான் இருப்பாராமே. தீபாராதனைக்கு டிக்கெட்டு உண்டா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வேறு நாளாக இருந்தால் அந்த முறம் தெருவில் பறந்திருக்கும்.

"சரி, உக்காருறேன்" என்றாள். "கொழுந்தன் மகளும் மகதானே. ஆனா வர்றவங்க கேப்பாங்களே, ஆயி அப்பன் எங்கன்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்? நீயே சொல்லு."

அவள் வேண்டுமென்றே கேட்டாள். நான் என் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இது பொய்யா உண்மையா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

"வூட்டுல ஒரு பெரியவரு தவறிட்டாரு, வருஷம் திரும்பலன்னு சொல்லுக்கா" என்றேன்.

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு மேல் கேலி செய்யவில்லை. முறத்திலிருந்து ஒரு கை கடலையை அள்ளி என் முந்தானையில் போட்டாள். அது எதற்கென்றும் எனக்குப் புரியவில்லை.

பெரியவர் சொன்னபடி பந்தலுக்கு வெளியே நிற்க என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார், ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தலுக்குப் பின்னால், சமையலுக்குத் தரையில் நீளமாக வெட்டிய கோட்டை அடுப்புப் பக்கத்தில், நானும் என் வீட்டுக்காரரும் நின்றோம். புகை கண்ணில் ஏறியது. சாம்பார் வாளியோடு போகிறவர்கள் "நகரும்மா, நகரும்மா" என்று என்னையே இடித்துக்கொண்டு போனார்கள், என் மகள் கல்யாணத்தில். கெட்டிமேளம் கேட்டது. தென்னங்கீற்று இடுக்கில் ஓர்ப்படியின் முதுகுதான் தெரிந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று பிற்பாடு சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யாரைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கை கூப்ப வந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் பந்தலைப் பார்த்துக் கூப்பினேன்.

தாலி ஏறினதும் மகளும் மருமகனும் மாலையோடு எங்களைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. காலில் விழக் குனிந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வாணாம்மா. தீட்டு கீது. இன்னும் வருஷம்..."

மகள் எழுந்திருக்கவில்லை. ஈர மண்ணில், புதுப் புடவையோடு, அப்படியே இருந்தாள். மருமகன் பாவம், எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றான். என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார், இறக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். கட்டிய நாளிலிருந்து என்னை எதற்கும் அப்படிப் பார்த்ததில்லை.

"இன்னாமே பண்ணட்டும்?" என்றார்.

அர்ச்சகரைக் கேட்டாயிற்று, காரியம் செய்தவரைக் கேட்டாயிற்று. இப்போது என்னைக் கேட்டார்.

"ஆசீர்வாதம் பண்ணுய்யா" என்றேன். "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அதை எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் நான் சொன்னதை நம்பினார். இரண்டு கையையும் மகள் தலையில் வைத்தார்.