பத்து நிமிடத்தில் எழுதிய அட்டை

எங்கள் மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்குக் கேள்வியக்கா என்று பெயர் வைத்தது நான்தான். ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். பார்க்கிற நமக்குத்தான் தலை சுற்றும்.

மதத்துக்கு ஒன்றாக அட்டை எழுதும் வேலையை மேலதிகாரி அவரிடம் கொடுத்தார். நோயாளியின் கடைசி நேரத்தில் எங்களைப் போன்ற நர்ஸ்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு பக்கம். கட்டில் அருகே மாட்டிவைக்க. ஐந்து மாதம் கேள்வி கேட்டே எங்கள் உயிரை வாங்கிவிட்டார்.

என்னை மருந்து அறையில் மடக்கினார்.

"உங்க ஆளுங்க பிரார்த்தனை பண்றப்போ ஊசி போடலாமா?"

"போடலாம்னு நினைக்கிறேன்க்கா."

"நினைக்கிறியா, தெரியுமா?"

நான் பிறந்து வளர்ந்த மதம், எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டேன். அப்பா ஒன்று சொல்ல, சித்தப்பா வேறொன்று சொல்ல, இருவரும் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேள்வியக்கா இரண்டையும் எழுதி, 'வீட்டுக்கு வீடு மாறும், கேட்டுக்கொள்ளவும்' என்று அடிக்கோடிட்டார்.

கடைசி அட்டை அவருடைய மதத்துக்கு. சாப்பாட்டு இடைவேளை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுதி நீட்டினார்.

"இதுக்கு யாரைக் கேக்கணும்? நான்தான் இருக்கேனே."

அடுத்த வருடம் அவர் அம்மாவையே என் வார்டில் சேர்த்தார்கள். இதயக் கோளாறு. வாயாடி அம்மா. உடம்பு துடைத்துவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "உன் மாமியார் குடுத்துவச்சவ" என்பார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அன்று காலை கேள்வியக்கா இன்னொரு மருத்துவமனைக்குப் போயிருந்தார், அங்குள்ள நர்ஸ்களுக்கு இதே அட்டைகளை விளக்க. பதினோரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டாருக்குச் சொல்லிவிடு என்றார். கேள்வியக்காவுக்குப் போன் போட்டேன். வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

அம்மா கண் திறந்து என்னைப் பார்த்தார். கையை நீட்டினார்.

தலைக்கு மேலே அட்டை. 'கடைசி நேரத்தில் வேற்று மதத்தார் தொடக்கூடாது. வீட்டார் வரும்வரை விலகி நிற்கவும்.' 'வீட்டுக்கு வீடு மாறும்' என்ற அடிக்கோடிட்ட வரி அதில் மட்டும் கிடையாது.

காலையில் என் மணிக்கட்டைப் பிடித்த கைதான். ஆனால் அந்த மதத்தில் பிறந்தவரே எழுதியிருக்கிறார், மாற்றிச் சொல்ல நான் யார்? இரண்டடி தள்ளி நின்றேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்த விரல்கள் விரிப்பைத் தடவித் தடவித் தேடின. இருபது நிமிடம். பிறகு தேடவில்லை.

கேள்வியக்கா ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஏதாச்சும் கேட்டாங்களா?"

"கையை நீட்டினாங்கக்கா."

"நீ பிடிச்சுக்கிட்டேல்ல?"

அட்டையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான்.

"அது எங்க பெரியப்பா சொல்றது" என்றார். "அம்மா பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க கையைக்கூடப் பிடிச்சுப்பாங்களே. அம்மாகிட்ட நான் கேக்கவே இல்லையே."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட.

அவர் அட்டையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்பவாவது பிடி" என்றார்.

பிடித்தேன். இன்னும் சூடு இருந்தது.