தைலமரத் தோப்பில் நட்ட வெள்ளைக் கல்

பனி அழகுன்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கினு வரும். எங்க கம்பெனி இன்ஜினியர் பசங்க காலையில தைலமரத் தோப்பு ஓரமா பைக்கை நிறுத்திட்டு, மரத்துல சாஞ்சு போட்டோ புடிச்சு, "கும்மிடிப்பூண்டியா ஊட்டியா?"ன்னு ஸ்டேட்டஸ் போடுவானுங்க. ஊட்டியாம் ஊட்டி. அதுல பாதி பனி, பாதி கம்பெனிப் புகை. மழை விட்ட மறுநாள் விடியக்காலையில ரெண்டும் கலந்து தரையோட தரையா படுத்துக்கும். எது எதுன்னு கண்ணால சொல்ல முடியாது. எங்க தெருப் பொம்பளைங்க வாசல்ல நின்னு நாக்கை நீட்டிப் பாப்போம். காசை நக்கின மாதிரி இருந்துச்சுன்னா அது புகை, அன்னிக்குத் துணி காயப்போட மாட்டோம்.

போன கல்லறைத் திருநாள் காலையிலயும் அப்படித்தான் இருந்துச்சு. அந்தத் தோப்பு வழியாத்தான் நானும் என் மாமியாரும் என் வீட்டுக்காரர் கல்லறைக்கு நடந்தோம். அவர் போனப்புறம் வந்த முதல் திருநாள் அது.

எங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருக்குது. அன்னிக்குக் கல்லறைத் தோட்டத்துலயே பூசை வெப்பாங்க. பூசை முடிஞ்சதும் சாமியார் வரிசையா வந்து ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளிப்பார். அவர் வரும்போது மெழுகுவத்தி எரியணும், ஊட்டு ஆளுங்க பக்கத்துல நிக்கணும். யாரும் நிக்கலன்னா தாண்டிப் போயிடுவார். பழைய கல்லறைன்னா பரவாயில்ல, யாரும் கண்டுக்க மாட்டாங்க. முதல் வருஷமே தாண்டிட்டா, "பாவம், நாதியில்லாதவன்"னு ஊரே சொல்லும். என் மாமியாருக்கு அந்தப் பயம்தான். ஒரு வாரமா அதே பேச்சு. "அவனைத் தாண்டிப் போயிடப் போறாருடி, சீக்கிரம் வந்துடு."

நான் எங்க சீக்கிரம் வர்றது? நைட் ஷிப்ட். கொஞ்சம் முன்னாடி விடுங்க சார்னு கேட்டதுக்கு, "செத்தவர் எங்கம்மா போயிடப் போறாரு, மெதுவா போ"ன்னான் சூப்பர்வைசர். பக்கத்துல நின்னவனுங்க சிரிச்சானுங்க. செருப்பைக் கழட்டி இருப்பேன், வேலை போயிடும்னு பல்லைக் கடிச்சுக்கினு நின்னேன். ஊடு வந்து சேர்ந்தப்போ மாமியார் சேலை கட்டி, சாமந்திப் பூவைக் கவர்ல போட்டுக்கினு தெருவுலயே நிக்கறாங்க. ரோடு வழியா போனா ஊரைச் சுத்தணும், அவங்க முட்டிக்கு ஆவாது. ஷேர் ஆட்டோ ஒண்ணையும் காணோம். தோப்புக்குள்ள பூந்தா குறுக்கால போயிடலாம். வா அத்தைன்னு கையைப் புடிச்சுக்கினு இறங்கிட்டேன்.

அவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது, அன்னிக்கு அதுவும் பிரயோசனமில்ல. நாலடிக்கு அப்பால மரமே தெரியல. வெள்ளை வெள்ளையா ஒரு மரம் வரும், தாண்டினா இன்னொண்ணு. கீழ மரப்பட்டை ஊறிப்போய்க் கெடக்கு, காலை வெச்சா சொதசொதங்குது. மேல இருந்து தண்ணி சொட்டிக்கினே இருக்கு. எத்தினி வருஷமா நடந்த ஒத்தையடிப் பாதை, திடீர்னு காணாம போச்சு! ஜேசிபி சக்கரம் ஏறி இறங்கி, மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கான். மரத்தை வேற ஒரு பக்கம் வெட்டிச் சாச்சிருக்கான். தோப்பு போவப் போவுது, புது கம்பெனி வருதுன்னு ஊர்ல பேச்சு இருந்துச்சு. தோப்பு மட்டும்தான்னு பேசிக்கினாங்க.

எந்தப் பக்கம் போறோம்னே புரியல. எனக்குப் பேஜாராப் போச்சு. ராத்திரியெல்லாம் நின்ன காலு, வயித்துல நாஷ்டா இல்ல, கூட இவங்க வேற, "வந்துடுச்சாடி, வந்துடுச்சாடி"ன்னு. "சும்மா வா அத்தை"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அப்போ எதிர்ல வெள்ளையா ஒண்ணு நின்னுச்சு. முழங்கால் உயரம், புதுசா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. திருநாளுக்கு எல்லா கல்லறைக்கும் வெள்ளை அடிச்சிருப்பாங்க இல்ல, மாமியார் என் கையை உதறிட்டாங்க. "வந்துட்டோம்"னு சொல்லி அங்கயே முட்டி போட்டாங்க. அந்த முட்டியோட! கவரைப் பிரிச்சுப் பூவைக் கொட்டி, கல்லைத் தடவித் தடவிப் பார்த்து, "இது யாரோடதா இருந்தா இன்னா, இங்க இருந்து வரிசை எண்ணி அவன்கிட்ட போயிடலாம்"னு சிலுவை போட்டுக்கினாங்க.

நான் குனிஞ்சு பார்த்தேன். கல்லு தலையில சிவப்பு பெயிண்ட்ல ஒரு அம்புக்குறி. கல்லறையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. புது கம்பெனிக்காக அளந்து நட்ட எல்லைக் கல்லு.

"எழுந்திரு அத்தை! அது கல்லறை இல்ல, எழுந்திரு!"

எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தக் கல்லை ஒரு உதை விட்டேன். கல்லுக்கு இன்னா, என் கட்டைவிரல் நகம்தான் பேந்துச்சு. மாமியார் கீழ கொட்டின பூவை ஒவ்வொண்ணா தடவி எடுத்து, மண்ணை ஊதி ஊதிக் கவர்ல போட்டாங்க. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. புள்ளைய பறிகொடுத்த பொம்பளை எவனோ நட்ட கல்லைக் கும்பிட்டுட்டு வெக்கப்பட்டுக்கினு நிக்கறா. யாரைப் போயி நான் கேக்கறது?

அப்போ மைக்குல செபம் கேட்டுச்சு. பூசை முடியப் போவுது. சத்தம் எந்தப் பக்கம்னு புடிபடல, பனிக்குள்ள எல்லாப் பக்கமும் கேட்டுச்சு. கொஞ்சம் தள்ளி இன்னொரு வெள்ளைக் கல்லு தெரிஞ்சுது. அதுக்கு அப்பால இன்னொண்ணு. வேற வழியில்ல. அதையே அடையாளமா வெச்சு அவங்களை இழுத்துக்கினு ஓடினேன். ஓட ஓட மைக் சத்தம் கிட்ட வந்துச்சு. மரம் முடிஞ்சுது. பனிக்குள்ள மெழுகுவத்தி வெளிச்சம் வரிசை வரிசையா தெரிஞ்சுது.

நேரா அவர் கல்லறைக்கே போனோம். சாமியார் அதே வரிசையில வந்துக்கினு இருந்தார், நடுவுல ரெண்டு மூணு கல்லறைதான். தீக்குச்சி நமுத்துப் போச்சு. பக்கத்துக் கல்லறைக்காரம்மா அவங்க மெழுகுவத்தியை நீட்டினாங்க. பத்த வெச்சேன். மாமியார் கால்மாட்டுல உக்காந்து பூவைப் போட்டுக்கினே கையால தரையைத் தடவினாங்க.

"இது இன்னாடி, இங்க புதுசா ஒண்ணு? யாராவது குழந்தையைப் பொதைச்சிருக்காங்களா?"

என் வீட்டுக்காரர் காலுக்கு ஒரு முழம் தள்ளி அது நின்னுச்சு. பெயிண்ட் கூட காயல. அம்புக்குறி கல்லறைத் தோட்டத்துக்கு உள்ள காட்டுது. எவரோ அதுவும் கல்லறைன்னு நெனைச்சு ஒரு மெழுகுவத்தி வெச்சுட்டுப் போயிருந்தாங்க.

சாமியார் வந்துட்டார். என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லித் தீர்த்தம் தெளிச்சார். மாமியார் முகத்துலயும் நாலு சொட்டு பட்டுச்சு, "ஏசப்பா"ன்னு அவங்க விட்ட மூச்சு எனக்குக் கேட்டுச்சு. தாண்டிப் போவல. அது போதும்னுதானே வந்தோம். சாமியார் அடுத்து அந்த வெள்ளைக் கல்லு பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

"சாமி! அதும்மேல தெளிக்காதீங்க!"

நான் கத்தினது அவர் சட்டையில மாட்டியிருந்த மைக்குல ஏறிடுச்சு. தோட்டம் பூரா கேட்டுச்சு. கையைத் தூக்கினவர் தூக்கினபடி நின்னார்.

"அது கல்லறை இல்ல சாமி, கம்பெனிக் கல்லு. நம்மளைத் தோண்டி வெளிய போடறதுக்கு நட்டது."

எல்லாரும் அவங்கவங்க காலுக்குக் கீழ குனிஞ்சு பார்த்துக்கினு இருந்திருக்கணும். அந்தப் பனிக்குள்ள எங்கயோ இருந்து முகம் தெரியாத ஒரு பொம்பளை கத்தினா.

"சாமி, இங்க எங்க அம்மாகிட்டயும் ஒண்ணு இருக்குது!"