கியோட்டோவில் நான் கண்ணால் கண்டது தேத்தண்ணி மட்டும்

கியோட்டோவுக்குப் போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று என்னைக் கேட்பார்கள். எழுபதுகளின் நடுவில், சிட்னியில் வேலை செய்த என் கணவரைக் கம்பனி ஒசாக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. நானும் கூடப் போனேன். லீவு கிடைத்ததும் கியோட்டோவில் போய்ச் சில நாள் நின்றோம்.

அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் இருந்த என் தம்பியை ஆஸ்திரேலியாவுக்கு எடுக்க அலுவல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் சிட்னியில் கால் வைக்கும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்திருந்தேன். அதனால் வெறும் சோறும் ஊறுகாயுமாகக் கிடந்தேன். கோயில் வாசலில் சுடுநீரில் மிதக்கும் சோயாக் கட்டி கொஞ்சம் சாப்பிட்டேன். பிறகு ஆற்றோரம், துணித்திரை தொங்கும் ஒரு நூடுல்ஸ் கடை. கிண்ணத்தில் தெளிந்த சூப். இலேசாகப் புகை மணம். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"இதுக்கை மீன் இல்லையோ? கேளுங்கோ."

அவர் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பான் மொழியில் கேட்டார். கடைக்காரி நீளமாக விளக்கினாள். அவர் எனக்குத் தமிழில் சொன்னார்:

"மரக்கறிதான். கடல்பாசி போட்டு அவிச்சது. சாப்பிடு."

நின்ற நாளெல்லாம் அங்கேதான் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி.

தம்பிக்கு விசா மறுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒருநாள் சிட்னியில், லிட்கம்மில் ஒரு சிநேகிதர் வீட்டில் விருந்து. அவர் ஜப்பான் போகிறாராம். என் கணவர் அந்த நூடுல்ஸ் கடைக்கு வழி சொல்லிப்போட்டுச் சிரித்தார்:

"இவவுக்கு மீன்தண்ணி பருக்கித்தான் ஆளைத் தேத்தினனான். இண்டைக்கும் தெரியாது!"

எல்லோரும் சிரித்தார்கள். கையில் இருந்த வடையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காரில் கேட்டேன்: "அந்தப் பொம்பிளை உண்மையிலை என்ன சொன்னவ?"

"மீனைக் காயவைச்சுச் சீவிப் போடுறதெண்டு. நீ மெலிஞ்சு போனாய், அதுதான். விசாவைக் கந்தனே குடுக்கிறார்? கன்பெராக்காரனெல்லோ குடுக்கிறான்!"

அது எனக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் தெரியும். ஆனால் படிவம் நிரப்பியது அவர். கையெழுத்து வைத்தது அவர். விசாக் கந்தோருக்குப் போய் இங்கிலீஷில் கதைத்தது அவர். தம்பிக்காக என்னால் செய்ய முடிந்தது வாயைக் கட்டுவது ஒன்றுதான். அதைத்தான் என்னிடமிருந்து கிண்ணம் கிண்ணமாகப் பறித்துப்போட்டார்.

"அப்ப அந்தக் கோயில் வாசல் சாப்பாடு?"

"அது சுத்தம். சத்தியமா."

முந்தியும் இதே முகத்தோடுதான் சொன்னவர்.

ஆகவே யார் கேட்டாலும் அங்கே நாங்கள் போன ஒரு தேத்தண்ணிக் கடையை மட்டும் சொல்வேன். பச்சைத்தூள், சுடுதண்ணீர், மூங்கில் மத்து. என் கண்முன்னால் வைத்து அடித்துத் தந்தார்கள். கசக்கும். குடிக்கலாம்.