நான் சொல்லாத பதில்

போன வருடம், பள்ளி விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அபுதாபி முசாஃபாவில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் நடந்தது இது.

என் கணவர் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் இடத்தில் டெக்னீஷியன். ஒரு மாதம் அங்கே டியூட்டி, ஒரு மாதம் வீட்டில். அவர் கடலில் இருக்கும் நாட்களில் எனக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நிற்பது என் மகள்தான். நான் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவள். கூச்சம் வேறு. யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் உடனே அவள் முகத்தைப் பார்ப்பேன். ஏசி ரிப்பேருக்கு வரும் ஆளிலிருந்து பேங்க் வரை அவள்தான் பேசுவாள். வயது பதினாலு.

மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டு, ஸ்கேன் எடுத்திருந்தேன். டாக்டர் கூப்பிடுவதற்காக இருவரும் காத்திருந்தோம். அவள் பள்ளியில் படிக்கச் சொன்ன ஓர் ஆங்கில நாவலில் மூழ்கியிருந்தாள். என்ன கதை என்று கேட்டேன்.

“மெக்சிகோலேர்ந்து அமெரிக்கா போன ஃபேமிலிம்மா. அந்த அம்மாவும் உன்ன மாதிரிதான், இங்கிலீஷ் வராது. பையன்தான் எல்லா இடத்துலயும் பேசுவான்.”

“உன்ன மாதிரி வாயாடின்னு சொல்லு.”

“அவன் ஹீரோம்மா! ஹீரோன்னா வீட்டை விட்டுத் தனியா போயி, கஷ்டப்பட்டு, தான் யாருன்னு கண்டுபிடிக்கணும். மிஸ் சொன்னாங்க.”

“சாப்பிட்ட தட்டை சிங்க் வரைக்கும் கொண்டுபோக மாட்டேங்குற. நீ தனியா கெளம்பப் போறியாக்கும்!”

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

டாக்டர் எகிப்துக்கார அம்மா. திரையைக் காட்டி நிதானமாக நிறையச் சொன்னார். மகள் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஒண்ணும் இல்லம்மா. சும்மா கொழுப்புக் கட்டியாம்.”

எனக்குப் போன உயிர் வந்தது. டாக்டர் மறுபடி ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள். அதில் ‘இந்தியா’, ‘வெகேஷன்’ என்ற இரண்டு வார்த்தைகள்தான் எனக்குப் புரிந்தன. “தேங்க்யூ” என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

கதவருகே நின்ற மலையாளி நர்ஸ் வழி விடவில்லை.

“மோளே, டாக்டர் அப்படியா சொன்னது?”

மகள் குனிந்துகொண்டாள்.

“சேச்சி, உட்காருங்க. கட்டி நல்லதா கெட்டதான்னு ஸ்கேன்ல தெரியல. இந்த வாரமே ஊசி வச்சு கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். நாட்டுல போய் வெகேஷன்ல பண்ணிக்கிறேன்னு அம்மா சொல்றாங்கன்னு மோள் சொல்லிச்சு.”

எனக்குப் பயம் வந்தது. கட்டியை நினைத்தா, இவளை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை. நான் வாயே திறக்கவில்லை. ஆனால் என் உயிர் விஷயத்தில் நான் ஒரு முடிவு சொல்லியாகிவிட்டது!

“ஏண்டி?” என்றேன்.

“அப்பா வந்ததும் சொல்லலாம்னு நெனச்சேன்” என்று தேம்பினாள். “நான் எப்படிம்மா உன்கிட்ட சொல்றது? நீ அழுதா நான் என்ன பண்ணுவேன்? அந்தக் கதையில வர்ற பையனும் கெட்ட சேதிய அவங்க அம்மாகிட்ட சொல்லலம்மா.”

அவளை அடிக்கத் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, “நீ வெளிய உக்காரு, அம்மா பேசிக்கிறேன்” என்றேன். அவள் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். “கேன்சர்?” என்று கேட்டேன். அந்த வார்த்தையை நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

“மே பி. மே பி நாட்” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், கடைகளில் கேட்டுப் பழகிய ஹிந்தி, மீதிக்குக் கை ஜாடை. அப்படித்தான் கேட்டேன். திணறியபோது நர்ஸ் எடுத்துக் கொடுத்தார். டெஸ்டுக்கான தேதியையும் நானே கேட்டு வாங்கினேன்.

டெஸ்டில் தெரிந்தது, கெட்ட கட்டிதான். ஆனால் ஆரம்ப நிலை. என் கணவர் கரைக்கு வந்ததும் ஆபரேஷன் நடந்தது, இப்போது நன்றாக இருக்கிறேன். கட்டியைப் பற்றிய பயம்கூடக் குறைந்துவிட்டது. நான் சொல்லாத வார்த்தை என் பேரில் அந்த அறையில் சொல்லப்பட்டுவிட்டதே என்ற நடுக்கம் மட்டும் இன்னும் போகவில்லை, அதனால்தான் தப்பும் தவறுமாக ஆனாலும் எனக்கானதை இப்போது நானே பேசுகிறேன்.