கோப்பையில் இறுகிய சிமெந்து

மகள் தவழத் தொடங்கிய மாதத்தில் நான் மறுபடி வேலையில் சேர்ந்தேன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசையும் இரண்டு திரைகளும். அதுதான் அலுவலகம். வளைகுடாப் பாலைவனத்தில் தோண்டும் எரிவாயுக் கிணறுகளுக்குச் சிமெந்துக் கலவை திட்டமிடுவதும், ஊற்றிய பிறகு கிணற்றின் அழுத்தத்தைக் கவனிப்பதும் என் பொறுப்பு. அங்கே கிணறு தோண்டும் ரிக்கில் சிமெந்து வேலையைப் பார்த்தவர் கம்பளைக்காரர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். முகம் பார்த்ததில்லை.

தோண்டிய கிணற்றுக்குள் இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெந்தை ஏற்றி நிரப்புவார்கள். அது திரவமாக இருக்கும்வரை அதன் பாரம் வாயுவை அமுக்கிப் பிடிக்கும். கல்லான பிறகு வாயுவுக்கு வழியே இல்லை. இரண்டுக்கும் நடுவில், பால் தயிராகும் பதத்தில் ஒரு நேரம் உண்டு. அப்போது பாரமும் குறைந்திருக்கும், பலமும் வந்திருக்காது. நான் பயப்படுவது அந்த நேரத்துக்குத்தான்.

அன்று பின்னேரம் நானா அழைத்தார்.

"தங்கச்சி, சிமெந்து கல்லு மாதிரி ஈக்குது. பீஓபிய தூக்கப் போறோம். ஓகே சொல்லுங்க."

பீஓபி என்பது கிணற்றின் தலையில் இருக்கும் வால்வு அடுக்கு. அழுத்தம் மேலே வந்தால் வாயை அடைப்பது அதுதான். குழாயைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ஆப்புகளை வைக்க அதைத் தூக்கியாக வேண்டும். தூக்கிய பிறகு, கீழே ஆட்கள் கைவிட்டு வேலை செய்யும்போது வாயு வந்தால், அடைக்க ஒன்றுமே இருக்காது.

திரையில் கிணற்றோடு இணைந்த சிறு தொட்டியின் நீர்மட்டம் தெரிந்தது. அது அசையாமல் நிற்க வேண்டும்; கீழிருந்து வாயு தள்ளினால் ஏறும். மயிரிழை அளவில் ஏறிக்கொண்டிருந்தது.

"நானா, தொட்டி ஏறுது."

"அது சூட்டுக்குத் தங்கச்சி. உள்ளுக்குச் சூடானா தண்ணி பொங்கும்தானே. பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி கெணத்துக்கும் தெர்மாமீட்டர் வெக்கப் போறீங்களா?"

அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். எண்ணெய்க் கம்பனிப் பிரதிநிதி இங்கிலீஷில் அவசரப்படுத்துவதும் கேட்டது. எனக்கு முகம் சுட்டது. அதற்கு முந்தின வாரம்தான் வியர்க்குருவை அம்மை என்று நினைத்து மகளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடி, டாக்டரைச் சிரிக்க வைத்திருந்தேன். இதுவும் அப்படித்தானோ?

உள்ளறையில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்த்தார். "கெணறு எங்கயோ இருக்கு, நீ இங்க இருக்க. ஏம்மா இப்படி வேர்க்குது ஒனக்கு?"

திரையில் தொட்டி மட்டத்தைக் காட்டும் கோட்டை மறுபடி பார்த்தேன். சூட்டால் ஏறும் மட்டம் போகப் போகத் தளரும். இது தளரவில்லை. முன்பைவிடச் செங்குத்தாகியிருந்தது. வியர்க்குரு எனக்குத் தெரியாது. இது தெரியும்.

"நானா, கப்ப எங்க வெச்சிருந்தீங்க?"

ஊற்றும் கலவையில் கொஞ்சம் கோப்பைகளில் எடுத்து வைப்பது ரிக் வழக்கம். அது இறுகினால் கிணற்றில் உள்ளதும் இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

"பம்புக்குப் பக்கத்துல."

"எஞ்சின் சூட்டுலயா? வாயு வாற இடம் ஆழமில்ல, அங்க அவ்வளவு சூடு இல்லயே. நிழல்ல வெச்ச கப் ஒண்டு இருக்கா?"

அவர் போய்த் திரும்பும்வரை நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன்.

"ஒண்டு ஈக்கி. விரல் வெச்சா பள்ளம் விழுது." குரலில் கேலி இல்லை.

"தூக்க வேணாம். பீஓபிய மூடுங்க. மூடிட்டு அழுத்தத்தைப் பாருங்க."

"மூடி ஒண்டும் இல்லண்டா இந்த வெள்ளக்காரன் என்னத் திண்டுடுவான்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. எழுத்துலயும் அனுப்புறேன்."

மூடினார்கள். அழுத்தமானி பூச்சியத்தில் நின்றது. ஒரு ரிக்கையே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுவதும் உறைத்தது. மகள் சோற்றுக் கையோடு தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், கண் திரையிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எண் அசைந்தது. பிறகு இன்னும் கொஞ்சம்.

"ஏறுது தங்கச்சி," என்றார் நானா. "யா அல்லாஹ். ரெண்டு பொடியனுகள ஏணியில ஏத்தி வெச்சிருந்தேன்."

"இறக்குங்க. சிமெந்து இறுகுற வரைக்கும் மூடியே இருக்கட்டும். இந்த அழுத்தத்தைக் கீழ உள்ள பாறை தாங்கும்."

இரவெல்லாம் எனக்குப் பதிலாக வேறொருவர் திரையைப் பார்த்தார். நான் மகளை அணைத்துப் படுத்தபடி சிமெந்தின் எடையையும் பாறையின் பலத்தையும் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாறை தாங்கும் என்றே விடை வந்தது.

மறுநாள் அழுத்தம் ஏறுவதை நிறுத்தி நேர்கோடாகியிருந்தது. வால்வை மெல்லத் திறந்து அடைபட்ட அழுத்தத்தை வடிக்கச் சொன்னேன். பூச்சியத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. நிழலில் வைத்த கோப்பையைச் சுத்தியலால் தட்டி எனக்குக் கேட்கவைத்தார் நானா. கணீரென்று இருந்தது. தொட்டியின் மட்டம் அசையவில்லை.

"தூக்குங்க நானா."

"இன்னொருக்காப் பாத்துட்டுச் சொல்றீங்களா?"

"இல்ல. தூக்குங்க."