பருப்பு வேகாத தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. எத்தனை விறகு வைத்தாலும் தண்ணீர்தான் கொதிக்கும், பருப்பு கடைசிவரை கல்லாகவே கிடக்கும். திருச்சுழிப் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு அப்படி ஒரு வீம்பு.

அம்மா அங்கே சத்துணவு சமைத்தாள். அப்பா போனபின் கருவேலங்கரி மூட்டம் போட்டுக் கருகிக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்த வேலை. ஊருணி நிறைந்திருந்தவரை கவலை இல்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றியதில் பொங்கலுக்கு முன்பே ஊருணி வற்றிவிட்டது. நல்ல தண்ணீர் டிராக்டரில் வந்தது, வீட்டுக்கு இரண்டு குடம். பள்ளிக்கூடம் வீடு இல்லையாம், அதற்குக் கிடையாதாம். எந்த மகராசன் போட்ட கணக்கோ, இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா பருப்பை முதல் நாளே ஊறவைத்தாள், விளக்கெண்ணெய் விட்டாள். ம்ஹும். பிள்ளைகள் கடித்துப் பார்த்துத் துப்பினார்கள். பாதிப் பேருக்கு அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு. சத்துணவுக்குப் பொறுப்பான அமைப்பாளர் கையைப் பிசைந்தார்.

"நாளைக்கு ஆபீசர் வாராக. இப்படியே இருந்துச்சுன்னா வேற ஆளப் போடச் சொல்லுவாக. நான் என்னத்தச் செய்ய?"

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சிநேகிதியிடம் அழுதேன். "எங்கம்மா திரும்பக் கரிமூட்டத்துக்குப் போயிரும்."

மறுநாள் எங்கள் வீட்டு இரண்டு குடத்தையும் அம்மா பள்ளிக்கூடத்துக்குத் தூக்கினாள். அது அண்டாவின் அடியைத்தான் நனைத்தது. பிறகு பிள்ளைகள் வந்தார்கள், ஒரு கையில் தட்டு, ஒரு கையில் செம்புத் தண்ணீர். சிநேகிதி தெருத்தெருவாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த வாயாடியின் வாய் அன்றுதான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. ஒவ்வொருவராக அண்டாவில் ஊற்றினார்கள்.

கடைசியாக மேலத்தெரு அம்மா ஒருவர், இடுப்பில் நிறைகுடத்தோடு வந்தார். எங்கள் தெருவில் கை நனைக்காதவர். அம்மா சமைக்கிறாள் என்பதற்காகவே மகனை மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர். குடத்தை அண்டாவில் கவிழ்த்தார். ஆனால் போகவில்லை, அடுப்படி வாசலிலேயே நின்றார்.

பருப்பு கொதித்தது. அம்மாவுக்கு நசுக்கிப் பார்க்கவே பயம். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, "நீங்களே பாருங்கம்மா" என்று நீட்டினாள். அவர் உள்ளங்கையில் வாங்கி ஊதினார். விரலால் நசுக்கிப் பார்த்தால் போதும். அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

"வெந்துருச்சு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆபீசர் வருவதற்கு முன்பே வேலை தப்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"உக்காந்துட்டா எப்படி? உப்பப் போட்டு இறக்குத்தா" என்றார் அவர், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "எம்மவனுக்கும் ஒரு தட்டு வையி."