சுண்ணாம்பு அடித்த கற்கள்

கீரனூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது இடப்பக்க ஜன்னலில் நான் உட்காருவதில்லை. அந்தப் பக்கம் ஒரு பள்ளம் வரும். முன்பு அது என் அம்மாவின் நிலம்.

தைலமரம் வெட்டிப்போன சரளைக்காடு. மழை விழுந்தால் நிற்காமல் ஓடிவிடும், வெயில் விழுந்தால் ஓடாமல் நிற்கும். பிறந்த வீட்டுப் பங்காக அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். சரளை அள்ளுகிறவர் அதைக் கேட்டு அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆடிக்குள் நாலு கன்றாவது தழைக்காவிட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று அப்பா கெடு வைத்தார்.

ஐப்பசி மழையில் அம்மா வேம்பும் புங்கையும் ஊன்றினாள். வெட்டவெளியில் இல்லை, தானாய் முளைத்துக் கிடந்த சூரைமுள் புதருக்குள், ஆவாரஞ்செடியின் காலடியில். மழை நின்ற பிறகு குடம் குடமாய்ச் சுமந்து, கையெல்லாம் கீறிக்கொண்டு, புதருக்கு நடுவே ஊற்றினாள். கன்று வெளியே தெரியாது.

“ஒங்கம்மா முள்ளுக்குத் தண்ணி ஊத்துறாங்களாமே. காய்ச்சா எங்களுக்கும் ரெண்டு குடுடி” என்றாள் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள். பெஞ்சே சிரித்தது.

பள்ளிக்கூடத்தில் கன்று நட்டால் சுற்றிலும் சுத்தமாய்ச் செதுக்குவோம், வட்டமாய்க் கல் அடுக்குவோம், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். ஐந்தாவது படிக்கிற எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு அவமானம். பங்குனியில் அவள் ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னமராவதி போயிருந்த நாலு நாளில், அரிவாளும் பொங்கலுக்கு மிஞ்சிய சுண்ணாம்புமாய்க் கிளம்பினேன். பதினோரு புதரையும் அறுத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் முழ உயரத்துக்குப் பச்சை. அடியில் மண் குளுகுளுவென்று இருந்தது. பங்குனி வெயிலில் ஈரம்! தொட்டுப் பார்த்தேன், உறைக்கவில்லை. கல் அடுக்கி வெள்ளையடித்து, சிரித்தவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அன்று சாயங்காலமே ஆடுகள் மேய்ந்துவிட்டன. ஆடு விட்டதை வெயில் முடித்தது. அம்மா திரும்பி வந்தபோது வெள்ளை வட்டங்களுக்கு நடுவே குச்சிகள் நின்றன.

“எவ வேலை இது?” என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “ஆடுதான்ப்பா” என்றேன்.

அப்பா கையை ஓங்கினார். அம்மா நடுவில் வந்து நின்றாள்.

“பிள்ளைய விடுங்க. நாந்தான் அறுக்கச் சொல்லிட்டுப் போனேன்.”

“ஒனக்கே வேணாம்னு ஆயிருச்சு. பெறகு எனக்கென்ன?”

மறுவாரம் லாரி வந்தது.

அப்பா கை ஓங்கிய அன்று சாயங்காலம் அம்மா என் உள்ளங்கையை மடியில் வைத்து ஊக்கால் முள் எடுத்தாள். “வலிக்குதா?” என்று மட்டும் கேட்டாள். வலிக்குது என்று அழுதேன். அவள் கையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அடி விழாத சந்தோஷத்தில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஓங்கிய கைக்கும் எனக்கும் நடுவே அவள் வந்து நின்ற இடத்தின் விலை என்னவென்று அந்த வயிற்றுக்குத் தெரியாது.